களிம்பும் குளிகையும்

ரசவாதம் என்பது தாழ்ந்த உலோகத்தை உயர்ந்த உலோகமாக மாற்றும் வித்தை. சுருக்கமாக வாதம் என்பார்கள். அதைச் செய்பவர் வாதி, மாற்றம் நிகழ்வது வேதை. மாற்றத்தை நிகழ்த்தும் பொருளை மேலை நாட்டார் ஞானிகளின் கல் என்றார்கள். தமிழ் மரபில் அந்த இடத்தில் ஒன்றுக்கு மூன்று பொருள்கள் நிற்கின்றன. தொட்டதை எல்லாம் பொன்னாக்குவது பரிசனவேதி. பாதரசத்தைக் கட்டி உருட்டியது ரசக்குளிகை. உலோகங்களையும் பாஷாணங்களையும் நீற்றிக் கட்ட வல்லது என்று சித்த நூல்கள் போற்றுவது முப்பு. இவற்றைத் தேடி அடுப்பு ஊதியவர்கள் ஒரு பக்கம் இருக்க, உயிர் எப்படிப் பக்குவப்படுகிறது என்று விளக்க இவற்றையே எடுத்துக்கொண்டவர்கள் மறுபக்கம். தமிழில் இரண்டாம் தரப்பாரின் பேச்சுதான் ஆழமானது.

பாதரசத்துக்கு இந்த வித்தையில் முதலிடம் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. அது உலோகம், ஆனால் ஓடும். சூடேற்றினால் ஆவியாகும், குளிர்ந்தால் திரும்பி வரும். பொன்னைக் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். பொன் கரைந்த ரசத்தைச் செம்பின் மேல் பூசிச் சூடுகாட்டினால் ரசம் பறந்துவிடும், செம்பின் மேல் பொன் மட்டும் நிற்கும். பழங்காலத்தில் விக்கிரகங்களுக்கும் கலசங்களுக்கும் பொன் பூசியது இந்த முறையில்தான். பட்டறை வாசலில் நின்று இதைப் பார்த்தவனுக்கு, ரசம் செம்பைப் பொன்னாக்கிவிட்டது என்று தோன்றினால் அவனைக் குறை சொல்ல முடியாது.

வைத்தியரின் பட்டறையில் இன்னொரு மாற்றம் நடக்கும். சுத்தி செய்த ரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்திலிட்டு நாள்கணக்கில் அரைக்க வேண்டும். வெள்ளியாக உருண்ட ரசமும் மஞ்சள் கந்தகமும் காணாமல் போய், மை போன்ற கரும்பொடி ஒன்று மிஞ்சும். அதைக் காசிக்குப்பியில் அடைத்து, குப்பிக்கு ஏழு சீலைமண் செய்து உலர்த்தி, மணல் நிரப்பிய வாலுகா இயந்திரத்தில் கழுத்தளவு புதைத்து எரிப்பார்கள். முதலில் சிறுதீ, பிறகு நடுத்தீ, கடைசியில் பெருந்தீ. ஆறியபின் குப்பியை உடைத்தால் கழுத்துப் பகுதியில் செக்கச்செவேலென்று படிந்திருக்கும் ரச செந்தூரம். கறுப்பும் சிவப்பும் ஒரே சேர்மம்தான், படிக அமைப்பு மட்டுமே வேறு என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. அன்றைக்கு அடுப்படியில் இருந்தவர் கண்டது சாவும் மறுபிறப்பும்.

ஐரோப்பிய வாதிகளும் இதையொத்த வரிசையில்தான் எழுதினார்கள்: முதலில் கறுப்பு, பிறகு வெண்மை, முடிவில் சிவப்பு. சிவப்பில்தான் கல் பிறக்கும். கி.பி. 300-ஐ ஒட்டி எகிப்தில் வாழ்ந்த சோசிமோஸ், பலிபீடத்தில் வெட்டுண்டு வெந்து உடம்பை விட்டு ஆவியாகும் பூசாரி ஒருவரைக் கனவில் கண்டதாக எழுதிவைத்தார். உலோகம் படும் பாட்டை மனிதன் படும் பாடாகச் சொன்ன முன்னோடி அவர். உளவியலாளர் கார்ல் யுங் 1944-இல் வெளியிட்ட நூலில், வாதிகள் தங்கள் மனத்துக்குள் நடந்ததையே உலைக்குள் கண்டார்கள் என்று வாதிட்டார். ஐசக் நியூட்டன் ஆண்டுக்கணக்காக இந்த ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார் என்பதும், 1936-இல் லண்டனில் அவருடைய கையெழுத்துப் படிகள் ஏலத்துக்கு வந்தபிறகுதான் உலகத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் இந்த வித்தை இறைவனுடைய திருவிளையாடல்களில் ஒன்று. வருசநாட்டு மலையில் பிறந்து தேனி மாவட்டத்தைக் கடந்து போகும் வைகை, மதுரைக்குக் கிழக்கே திருப்புவனத்தைத் தொடுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 36-ஆவது படலமான இரசவாதம் செய்த படலம் அந்த ஊர்க் கதை. கோயில் திருப்பணி செய்யும் பொன்னனையாள் என்ற கணிகைக்குப் பூவணநாதரின் உற்சவத் திருமேனியைப் பொன்னில் வார்க்க ஆசை. கையில் வந்ததெல்லாம் அடியார்களுக்குச் சோறு போட்டே தீர்ந்துவிடுகிறது. ஒருநாள் சித்தர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். பித்தளை, செம்பு, இரும்பு என்று இருக்கிற பாத்திரத்தை எல்லாம் கொண்டுவரச் சொல்லித் திருநீற்றைத் தூவுகிறார். இரவில் தீயிலிடு, பொன்னாகும் என்று சொல்லி மறைகிறார். பொன்னாயிற்று, திருமேனியும் வார்த்தாயிற்று. அழகில் மயங்கி அவள் சிலையின் கன்னத்தைக் கிள்ளினாள், நகக்குறி பதிந்துவிட்டது என்பது தலபுராணம். பொன்னாக மாறியது சோறாக்கிப் போட்ட பாத்திரம். அது கோயிலுக்குப் போயிற்று, ஒரு குன்றிமணியும் அவள் கழுத்துக்கு வரவில்லை. கல்லோ குளிகையோ இந்தக் கதையில் கிடையாது. அதன் வேலையைத் திருநீறு பார்க்கிறது.

சைவ தத்துவம் இதைக் கதையோடு விடவில்லை. பரிசனவேதி தொட்டது பொன்னாவது போலக் குரு தொட்ட உலகம் மலம் நீங்கிச் சிவகதி அடையும் என்று திருமூலர் சொல்கிறார். உயிர் செம்பு, ஆணவம் அதில் ஊறிய களிம்பு என்பது சித்தாந்தம் திரும்பத் திரும்பச் சொல்லும் உவமை. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு ஆகாது, செம்போடு கூடவே இருப்பது. புளி போட்டு விளக்கிய செம்புக்குடம் அன்றைக்குப் பளபளக்கும், நாலு நாளில் மறுபடி மங்கும். உயிர் தன் முயற்சியால் அடையும் தெளிவும் அப்படித்தான். களிம்பு அடியோடு போகக் குளிகை வேண்டும். அந்தக் குளிகை திருவருள்.

13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் இந்த உவமையை எடுத்து உரசிப் பார்த்தார். களிம்பு நீங்கிய செம்பு பொன்னாகி முன்பே இருக்கும் பொன்னோடு கலப்பதுபோல, மலம் நீங்கிய உயிரும் சிவனாகிச் சிவனோடு கலந்துவிடும் என்பது ஒரு சாரார் கொள்கை. அருணந்தியின் மறுப்பு நுட்பமானது. இறைவனுக்கு ஒப்புச் சொல்லவேண்டியது பொன்னை அன்று, குளிகையை. குளிகை களிம்பை அறுக்கும், ஆனால் தான் பொன்னாகிவிடாது. அதுபோல இறைவன் மலத்தை நீக்கி உயிரைத் தன் திருவடிக்கீழ் வைப்பான். படைத்தல் முதலான தொழில்கள் அவனுக்கே உரியவை, உயிருக்கு உரியது சிவானுபவம் ஒன்றுதான். ரசவாதத்தின் ஆன்மிகப் பொருள் பற்றி உலகில் எழுதப்பட்டவை ஏராளம். கல் வேறு, பொன் வேறு என்று இவ்வளவு கறாராகப் பிரித்து, அதன் மேல் ஒரு தத்துவ வழக்கையே நடத்தி முடித்த இடம் இதைப்போல் இன்னொன்று இருந்தால் அபூர்வம்.

சித்தர்களின் வழி வேறு. அவர்களுக்கு உடம்பே உலை. உடம்பு அழிந்தால் உயிரும் கெடும் என்று கண்டு உடம்பை வளர்க்கும் உபாயத்தைத் தேடியவர்கள் அவர்கள். காயகற்பம் என்பது அதுதான். சித்த மருத்துவ நூல்கள் 64 பாஷாணங்களையும் 25 உப்புகளையும் 120 உபரசங்களையும் வரிசைப்படுத்துகின்றன. அந்த நூல்களுக்குள் புகுந்தவர்கள் தடுமாறும் இடம் முப்பு. உவர் மண்ணில் பௌர்ணமியை ஒட்டிப் பூக்கும் பூநீறு, கல்லுப்பு, அண்டக்கல் ஆகிய மூன்றின் கூட்டு என்பார் சிலர். இடகலை, பிங்கலை, சுழுமுனை என்ற மூன்று நாடிகளின் கூட்டு என்பார் வேறு சிலர். நூல்கள் பரிபாஷையில் எழுதப்பட்டவை, ஒரே பாட்டு அடுப்புக்கும் பொருந்தும், மூச்சுக்கும் பொருந்தும். இதில் ஏதாவது ஒன்றே சரி என்று அடித்துப் பேசுவது பாட்டின் நோக்கத்துக்கே விரோதம். வடலூர் வள்ளலார் சுத்த தேகம், பிரணவ தேகம், ஞான தேகம் என்று மூன்று படிகள் சொல்லி, 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டதும் இந்த மரபின் தொடர்ச்சிதான்.

சித்தர் வழிக்குப் பெயர்போன இடம் பழனி. தேனியிலிருந்து பார்த்தால் வடக்கே தெரிவது பழனி மலைத்தொடர். அதன் தென்னடிவாரத்தில் பெரியகுளம், வடக்கே இறங்கினால் பழனி. சித்தர் போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டித் தண்டாயுதபாணியின் மூலவரைச் செய்தார் என்பது பழனி மரபு. அவருடைய சமாதி கோயிலுக்குள்ளேயே இருக்கிறது, சீடர் புலிப்பாணியின் வழியினர் அடிவாரத்தில் மடம் நடத்துகிறார்கள். அதே மலைத்தொடரின் மேல், கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள பூம்பாறையில், பூண்டு விளையும் படிவயல்களுக்கு நடுவே நிற்கும் குழந்தை வேலப்பர் சிலையையும் போகர் செய்ததாகவே சொல்கிறார்கள். போகர் ஏழாயிரம் அவர் பெயரில் வழங்குகிறது, அதன் நடை பிற்காலத் தமிழ் என்பதைப் படிக்கும்போதே உணரலாம்.

நவபாஷாணப் பட்டியல் நூலுக்கு நூல் மாறும். வீரம், பூரம், இலிங்கம், கந்தகம், தாளகம், மனோசிலை, கௌரி, வெள்ளைப் பாஷாணம் ஆகியவை அடிக்கடி வருபவை. இவற்றில் பல பாதரசம் அல்லது ஆர்செனிக் கலந்த நஞ்சுகள். நஞ்சைக் கட்டி மருந்தாக்கினார், மருந்தைத் தெய்வமாக்கினார் என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. பொன் இதில் எங்கேயும் வராது. இரவில் மூலவருக்குச் சாத்திக் காலையில் களையும் ராக்காலச் சந்தனத்தை நோய்க்கு மருந்தென்று பக்தர்கள் வாங்கிப் போகிறார்கள். திருமேனி நவபாஷாணம் என்ற நம்பிக்கைதான் அந்தச் சந்தனத்தை மருந்தாக்குகிறது. இதைப் பார்த்து வீட்டில் ரசமணி கட்டிப் பாலில் போட்டுக் குடிக்கக் கிளம்புவது வேறு கதை. பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அந்தக் கேட்டைக் கண்டுதான் சித்த மருத்துவமே ரசத்துக்கு அத்தனை சுத்தி முறைகளை விதித்தது.

பாதரசத்தைப் பொன்னாக்க முடியுமா என்ற பழைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அணு எண் வரிசையில் பொன் 79, பாதரசம் 80, இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. 1941-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாதரசத்தை வேக நியூட்ரான்களால் தாக்கிப் பொன் அணுக்களை உண்டாக்கினார்கள். உண்டான பொன் கதிர்வீசும் பொன், சில நாட்களில் சிதைந்து தீர்ந்துவிடும் வகை. அதில் ஒரு பகுதி சிதைந்து மறுபடி பாதரசமாகவே ஆகும். இந்த முடிவை எந்தச் சித்தரும் மறுத்திருக்க மாட்டார்.

குபேரனுக்கு நிகராகப் பொன் சேர்த்தவர்களும் ரசவாதத்தை விரும்பி அலைகிறார்களே என்று 18-ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் நொந்துகொண்டார். அலைபவர்கள் இன்றும் குறையவில்லை, தேடும் சரக்கின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. கோபுரக் கலசத்தில் இரிடியம் ஏறியிருக்கிறது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தமிழ்நாட்டில் அடிக்கடி பிடிபடுகின்றன. ஏமாந்தவர்களில் காசில்லாதவர்கள் குறைவு. இடி விழுந்தால் கலசத்துச் செம்பு இரிடியமாக மாறிவிடும் என்பது இந்தக் கும்பல்கள் சொல்லும் விளக்கம். இரிடியம் பூமியின் மேலோட்டில் மிக அரிதாகக் கிடைக்கும் தனித்த தனிமம், இடியால் செம்பு அதுவாக மாறாது.