இலவசத்துக்கு ரோஷம் உண்டா?

பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சாயங்கால வேளைகளில் காப்பி சாப்பிட வருவார். உலகத்தில் எது நடந்தாலும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் அவரிடம் தயாராக இருக்கும். 2025 நவம்பரில் ஒரு நாள் ஜப்பானில் நடந்த சமாசாரம் ஒன்றை அவரிடம் சொன்னேன். ஃபயர்பாக்ஸ் என்ற பிரவுசருக்கு ஜப்பானிய மொழியில் உதவிப் பக்கங்கள் எழுதி வந்த தொண்டர்களின் தலைவர், இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் காரியங்களில் ஈடுபட்டிருந்தவர், "இனி எனக்கு இது வேண்டாம்" என்று விலகிவிட்டார் என்றேன்.

"சம்பளம் என்ன வாங்கினான்?" என்று கேட்டார் நண்பர்.

"ஒன்றுமில்லை. தொண்டு."

நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சம்பளமே இல்லாதவன் ராஜினாமா செய்தானாக்கும்! எதை ஐயா ராஜினாமா செய்தான்? இலவசமாகக் கொடுக்கிறவனுக்கு ரோஷம் என்ன வேண்டிக் கிடக்கிறது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வந்தவர் தெருக்கோடி தாண்டிய பிறகுதான் எனக்கு நல்ல பதில்கள் தோன்றும். அதனால்தான் நான் வக்கீலாகாமல் எழுத்தாளனானேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கதையின் பூர்வோத்தரம். நெட்ஸ்கேப் என்ற அமெரிக்கக் கம்பெனி 1998 மார்ச் 31-ஆம் தேதி தன் பிரவுசரின் நிரலை ஊரார் பார்வைக்குத் திறந்து வைத்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். அந்த வித்திலிருந்து வந்தது மொஸில்லா, அதிலிருந்து ஃபயர்பாக்ஸ். முதலில் ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு வேறு சொந்தக்காரர் இருந்தார். பிறகு ஃபயர்பேர்ட் என்றார்கள். அதற்கும் ஒருவர் ஆக்ஷேபித்தார். மூன்றாவது பெயர்தான் நிலைத்தது. 2004 நவம்பர் 9-ஆம் தேதி முதல் பதிப்பு வெளிவந்தபோது அதை விளம்பரம் செய்யக் கையில் காசில்லை. ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் திரட்டி, அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்கம் விளம்பரம் கொடுத்தார்கள். பணம் கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்கள் அதில் பொடி எழுத்தில் அச்சாயின.

ஆனால் பிரவுசரைச் செய்து கொடுத்துவிட்டால் ஆயிற்றா? மாவரைக்கும் கிரைண்டர் வாங்கினால்கூட ஒரு ஆள் வந்து காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இலவசமாகக் கிடைத்த சாமானுக்கு எந்த ஆள் வருவான்? அந்த இடத்தில்தான் தொண்டர்கள் வந்து நின்றார்கள். மொஸில்லாஸைன் என்ற தளத்தை 1998-லேயே வெளியார் ஒருவர் சொந்த முயற்சியில் தொடங்கிவிட்டார். தலைமை ஸ்தாபனம் தானே ஓர் உதவித் தளம் தொடங்கியது பிற்பாடு, 2007 வாக்கில். அதற்குச் செல்லப் பெயர் சுமோ. அதை நடத்துகிற மென்பொருளுக்குப் பெயர் கிட்சுனே. ஜப்பானிய மொழியில் நரி என்று அர்த்தம். ஜப்பானியப் பழங்கதைகளில் இந்த நரி மனித உருவம் எடுத்து வந்து ஆளை ஏமாற்றும். பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள். எனக்குத்தான் இப்போது நினைவுக்கு வருகிறது.

உதவிப் பக்கம் எழுதுவது என்ன பிரமாதம் என்று கேட்கலாம். நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, பிரவுசரை எடுத்துவிட்டு வேறோர் இடத்தில் மறுபடி நிறுவினேன். தப்பு முழுக்க என்னுடையது. திறந்து பார்த்தால், நாவலுக்காக இரண்டு வருஷம் சேர்த்து வைத்திருந்த குறிப்புப் பக்கங்களின் புக்மார்க் ஒன்றுகூட இல்லை. வெறும் வீடு மாதிரி இருந்தது. அந்த இரவில் ஓர் உதவிப் பக்கம் அகப்பட்டது. அது சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: எதையும் அழிக்காதே, உன் சாமான்கள் தொலைந்திருக்காது, பிரவுசர் உனக்கு ஒரு புது அறையைத் திறந்துவிட்டது, பழைய அறை பூட்டியபடி அப்படியே இருக்கும். முகவரிப் பெட்டியில் 'அபௌட் புரொஃபைல்ஸ்' என்று தட்டிப் பழைய அறையின் கதவைத் திறந்துகொள்ளலாம். திறந்தேன். எல்லாம் இருந்தது.

அந்தப் பக்கத்தை எழுதியவர் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தை மட்டும் தெரிந்தவர் அல்ல. பதற்றத்தில் இருக்கிறவன் அடுத்து என்ன அசட்டுத்தனம் செய்வான் என்பதையும் அறிந்தவர். அதனால்தான் செய்ய வேண்டியதைச் சொல்லுமுன் செய்யக் கூடாததைச் சொன்னார். இந்த அறிவு புத்தகத்தில் இல்லை. "என் இன்டர்நெட் காணாமல் போய்விட்டது" என்று ஒருவர் எழுதினால், போனது ஓர் ஐகான்தான் என்று ஊகிக்க, அப்படிப்பட்ட நூறு கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் எழுதியிருக்க வேண்டும்.

2019 மே 4-ஆம் தேதி, சனிக்கிழமை. மொஸில்லாவின் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி, உலகமெங்கும் ஃபயர்பாக்ஸில் இணைத்திருந்த உபகரணங்கள் ஒரே நாளில் செயலற்றுப் போயின. புதுப்பிக்க மறந்த சான்றிதழ். ரேஷன் கார்டு விஷயத்தில் நமக்கு நேர்வது மாதிரிதான். கோளாறை எஞ்சினீயர்கள் சரிசெய்தார்கள். ஆனால் அது வருகிறவரை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்த முதல் வார்த்தை, "அவற்றை நீக்கிவிட்டு மறுபடி போடாதீர்கள்" என்பது. நீக்கினால் உள்ளே சேமித்திருந்ததும் சேர்ந்து போய்விடும். அப்படிப்பட்ட நாளில் கேட்க வந்தவனுக்கு அவன் பாஷையில் இந்த ஒரு வாக்கியம் கிடைத்ததா இல்லையா என்பதுதான் உதவித் தளத்தின் முழுப் பரீட்சை.

இனி ஜப்பான் சங்கதி. 2025 அக்டோபர் 22-ஆம் தேதி முதல் சுமோபாட் என்ற இயந்திர மொழிபெயர்ப்பு ஜப்பானியப் பக்கங்களின் மேல் வேலை செய்யத் தொடங்கியது. ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, தானே மொழிபெயர்த்து, தானே வெளியிட்டுவிடும். முன்னூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் இப்படி மாற்றப்பட்டன என்று நவம்பர் 4-ஆம் தேதி அந்தத் தலைவர் எழுதினார். தாங்கள் வகுத்திருந்த மொழிபெயர்ப்பு விதிகளை அது மதிக்கவில்லை, ஜப்பானிய வாசகருக்கு ஏற்றபடி தாங்கள் மாற்றி வைத்திருந்தவற்றைத் துடைத்துவிட்டது, யாரையும் கலக்கவில்லை, 72 மணி நேரத்துக்குள் மனிதர் யாரும் தொடாவிட்டால் இயந்திரம் எழுதியதே ஏற்கப்பட்டுவிடுகிறது என்பவை அவர் குறைகள். தம்முடைய மொழிபெயர்ப்புகளை இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

என் நண்பர் இங்கே சட்டம் பேசுவார் என்று தெரியும். அந்தப் பக்கங்களை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தின் கீழ்தானே அவன் எழுதினான்? ஆம், எழுதினார். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஒரு பெரியவர் கோடை தோறும் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு அவருடையதல்ல. ஒரு நாள் காலையில் அவர் வந்து பார்க்கும்போது, பானையில் இருந்த நீர்மோரைக் கொட்டிவிட்டு, அங்கே ஒரு குழாயைப் பொருத்தியிருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் நன்றாகவே வரட்டும். முதல் நாள் சாயங்காலம் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சம்பளம் வாங்குகிறவனிடம் சொல்லாமல் வேலையை மாற்றலாம். அவனுக்கு முதல் தேதி பணம் வருகிறது. தொண்டு செய்கிறவனுக்கு வருகிற ஒரே கூலி அந்த ஒரு வார்த்தைதான். அதையும் பிடித்தம் செய்துகொண்டு, "உனக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஸ்தாபனம் ஏழையுமல்ல. ஃபயர்பாக்ஸில் கூகிளை முதல் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகிள் கொடுக்கிற பணமே அதன் வருமானத்தில் பெரும் பகுதி; மொத்த வருமானம் ஆண்டுக்குப் பல நூறு மில்லியன் டாலர்.

இயந்திரமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. தொண்டர்களின் பக்கங்களிலும் ஓட்டை உண்டு. மூன்று பதிப்புக்கு முந்திய படத்தைப் போட்டு, இல்லாத பித்தானை அழுத்தச் சொல்லுகிற பக்கங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆளே இல்லாத மொழிகளில், வெறும் பக்கத்தைவிட இயந்திரத்தின் கொச்சை மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். நம் தமிழிலும் ஃபயர்பாக்ஸ் இருக்கிறது, தொண்டர்கள் மொழிபெயர்த்ததுதான். அவர்கள் எட்டாத இடத்துக்கு இயந்திரம் போகட்டும். ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் வந்து உட்காருவானேன்?

எனக்கு மிகவும் உறுத்துவது அந்த 72 மணி நேரம். புதிதாக வருகிறவன் ஒரு பக்கத்தை மொழிபெயர்ப்பான், தப்பாகத்தான் மொழிபெயர்ப்பான். பழையவர் சாவகாசமாகப் பார்த்து, இந்தச் சொல் வேண்டாம், இது மரியாதைக் குறைவு, இது பாட்டிக்குப் புரியாது என்று திருத்திக் கொடுப்பார். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதம் ஆகலாம். அந்தத் திருத்தத்தில்தான் அவன் அடுத்த பழையவராகிறான். என் முதல் கதைகள் சிவப்பு மசியில் குளித்துத் திரும்பி வந்தன. அன்று எனக்குப் பதிலாக மூன்றே நாளில் கதையை முடித்துக் கொடுக்கும் யந்திரம் ஒன்று பத்திரிகை ஆபீஸில் இருந்திருந்தால், ஆசிரியருக்குச் சிரமம் மிச்சமாகியிருக்கும். வாசகர்கள் சிலருக்கும் மிச்சமாகியிருக்கும் என்று நண்பர் சொல்லுவார், சொல்லட்டும். ஆனால் இப்படியே போனால், அந்த இயந்திரம் தவறும்போது அதைத் தவறென்று கண்டுபிடிக்க ஜப்பானில் யார் மிஞ்சியிருப்பார்கள்?

தலைவர் விலகல் கடிதம் எழுதிய பிறகு ஸ்தாபனத்தின் தரப்பிலிருந்து ஒருவர் பதில் போட்டார். வருத்தம் தெரிவித்து, விஷயத்தைப் பேசிப் புரிந்துகொள்ள ஆசைப்படுவதாக அழைத்திருந்தார். மரியாதையான கடிதந்தான். அந்த அழைப்பு அக்டோபர் 21-ஆம் தேதி போயிருக்க வேண்டும்.