பப்பாளி இலையும் ஒரு பாடவேளையும்

மாணவர்களே, டிங்கி காய்ச்சல் பரவும் காலத்தில், ‘பப்பாளி இலைச் சாறு குடித்தால் போதும், மருத்துவமனைக்கே போக வேண்டாம்’ என்ற செய்தி புலனத்தில் சுற்றும். ஜெலாப்பாங்கில் உள்ள உங்கள் குடும்பக் குழுவுக்கும் அது வந்திருக்கலாம். அதை நம்பலாமா?

அந்தச் செய்தியில் ஓர் உண்மை இருக்கிறது. 2013-இல் மலேசிய ஆய்வாளர்கள் 228 டிங்கி நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு மூன்று நாள் இலைச்சாறும், மறு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டன. சாறு குடித்தவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் விரைவாகக் கூடின. ஆனால், இரு பிரிவினருமே மருத்துவமனையில் மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். தட்டணு கூடியது என்பதும் நோய் குணமானது என்பதும் ஒன்றல்ல. புலனச் செய்தியில் விடுபட்டுப் போவது இந்தப் பாதிதான்.

விடுபட்ட பாதி உயிருக்கே ஆபத்தாகலாம். டிங்கியில் காய்ச்சல் தணியும் நேரமே பலருக்கு அபாயக் கட்டம். நோய் தொடங்கிய 3 முதல் 7 நாளுக்குள் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்கலாம். ‘சாறு வேலை செய்துவிட்டது’ என்று வீட்டார் நிம்மதியடையும் அதே நாளில் நோயாளியின் நிலை மோசமாகலாம்.

இத்தகைய செய்திகளை எடைபோடக் கற்றுத்தர வேண்டும் என்பது புதிய யோசனை அன்று. 1982 ஜனவரியில் 19 நாடுகளின் கல்வியாளர்களும் ஊடகத் துறையினரும் ஆய்வாளர்களும் மேற்கு ஜெர்மனியின் குரூன்வால்டில் கூடி, பாலர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை ஊடகக் கல்வி வேண்டும், ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி வேண்டும் என்று அறிவித்தார்கள். அப்போது புலனமும் இல்லை, முகநூலும் இல்லை.

மாநாட்டுக்குப் போய்வரும் ஆசிரியர்கள் அங்கே கற்றதை அறிவியல் பாடவேளைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால், இதற்குத் தனிப் பாடம் தேவையில்லை. மாறிகளை அடையாளம் காண நீங்கள் ஏற்கனவே கற்கிறீர்கள். எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்ற கேள்விகளைச் சோதனைக்கூடத்தில் கேட்பதுபோல் புலனச் செய்தியிடமும் கேட்டால் போதும்.

படிப்பு அதிகமானால் ஏமாற மாட்டோம் என்றும் எண்ணாதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 10 வரலாற்று அறிஞர்கள், 25 மாணவர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள் இணையத்தளங்களை மதிப்பிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற அறிஞர்களில் சிலரும் தளத்தின் அழகான தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே.

நம் நாட்டில் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ தளம் இத்தகைய தேடலுக்கு உதவும். மருத்துவச் செய்தி என்றால் சுகாதார அமைச்சின் பக்கத்தையும் பாருங்கள்.

அடுத்த அறிவியல் பாடத்தில் உங்கள் ஆசிரியரிடம் ஒரு புலனச் செய்தியைக் கொடுத்து, ‘இதைச் சோதித்துப் பார்ப்போமா, ஐயா?’ என்று கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டிக்கு அந்த முடிவைப் பொறுமையாகச் சொல்லுங்கள். காய்ச்சல் கண்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லவும் மறக்காதீர்கள்.