தீவுக்கு வேண்டும் உழைப்பு, உழைத்தவனுக்கு?

தீவு என்றால் என்ன? நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளை பட்டென்று விடை சொல்வான். அந்த விடையிலே பிழையில்லை. ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. தீவு நாடு என்றால், அது யாருடைய நாடு? அங்கே கொடி நாட்டியவனுடையதா? முதல் போட்டவனுடையதா? காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, கரும்பையும் தேயிலையையும் நட்டு, அந்த மண்ணிலேயே மாண்டு உரமானானே, அவனுடையதா?

கடலுக்கு அப்பால் உள்ளவர்களுக்காக மட்டும் இந்தக் கேள்வியை நாம் எழுப்பவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் பஸ் ஏறிச் சத்தியமங்கலம் தாண்டினால் பவானிசாகர். 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையை அறியாத உழவன் நம் பகுதியில் உண்டா? அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட முகாம்களிலே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள்? நான்கு புறமும் நீர் சூழ்ந்தால் தீவு. நான்கு புறமும் சட்டம் சூழ்ந்தால் அதற்குப் பெயர் என்ன?

தோழர்களே! இதற்கு விடை காண, தீவு நாடுகள் எப்படி உருவாயின என்று சற்றே திரும்பிப் பார்ப்போம்.

ஹவாய் என்று ஒரு தீவு அரசு இருந்தது. தனிக் கொடி, தனி அரசி, உலக வல்லரசுகளோடு ஒப்பந்தம் எல்லாம் அதற்கு இருந்தன. அங்கே கரும்புத் தோட்டம் வைத்தவர்களும் வணிகர்களும் அமெரிக்கப் படையினரின் துணையோடு 1893-ல் அரசி லிலியுவோகலானியை இறக்கினார்கள். 1898-ல் அந்த நாடு அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டது. சர்க்கரைக்கு ஒரு நாட்டையே கரைக்கும் ஆற்றல் உண்டு என்பதற்கு அது சான்று.

அதே சர்க்கரைக்காகத்தான் மொரீஷியசுக்கு 1834 முதல் இந்தியாவிலிருந்து கூலிகள் கொண்டு போகப்பட்டார்கள். ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர்! அவர்களிலே தமிழர்கள் பல்லாயிரவர். போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் இறங்கி ஏறிய கற்படிகள் இன்றும் இருக்கின்றன. 2006-ல் அந்த இடம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் சென்றார்கள். 1903-க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவனுக்கு அதிலே எழுதியிருந்தது என்னவென்று தெரியாது.

இலங்கைக் கதை இன்னும் அருகில் நடந்தது. முதலில் காப்பி. 1869-ல் தொடங்கிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்த பின்பு தேயிலை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பஞ்சத்திலே அடிபட்ட குடும்பங்களைக் கங்காணி திரட்டிப் போனான். போகும்போதே கடன். கடனைச் சொல்லும் 'துண்டு' அவன் கையில். தோட்டம் மாறினால் துண்டும் கூடவே மாறும். அதாவது, ஆளை விற்கவில்லை, ஆளின் கடனை விற்றார்கள்! விடியற்காலையில் பெரட்டு, பகலெல்லாம் கொழுந்து, நிறை குறைந்தால் அரைப் பேர், இரவிலே லயத்தில் ஓர் அறையில் ஒரு குடும்பம். இப்படித்தான் மலைநாடு பசுமையானது. இலங்கையின் ஏற்றுமதிச் செல்வம் இந்த முதுகுகளின்மேல் ஏறித்தான் கொழும்புத் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

இனிதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1948-ம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஒரே கடலில் இரண்டு தீவுகள். இரண்டிலும் தமிழ்க் கூலியின் வியர்வை. இரண்டும் வெள்ளையன் கொடியின்கீழ் இருந்தவை.

மொரீஷியசில் அந்த ஆண்டுத் தேர்தலில், தன் மொழியிலே எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் ஓட்டு என்ற புதிய விதி நடைமுறைக்கு வந்தது. தமிழ் தெரிந்தாலும் போதும். சொத்து உள்ளவனின் கோட்டையாக இருந்த சட்டசபைக்குள் கூலியின் மகன் நுழைந்தான். 1968 மார்ச் 12-ல் அந்த நாடு விடுதலை பெற்றபோது, கரும்புத் தோட்டக்காரனின் பேரன் அந்த நாட்டின் குடிமகன். அந்நாட்டுப் பண நோட்டிலே தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் புதிய நோட்டுகளில் தமிழின் இடத்தை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்து எழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எப்படி முடிந்தது? ஓட்டு இருந்தது, ஆகவே குரலும் இருந்தது!

இலங்கையிலோ அதே 1948-ல் பிப்ரவரி 4-ம் நாள் விடுதலை. அதே ஆண்டிலேயே 18-ம் எண் குடியுரிமைச் சட்டம். தந்தையோ, இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையிலே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது அது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்கள்? 1949-ல் ஓட்டும் பறிபோனது. ஏறத்தாழ ஏழு இலட்சம் தொழிலாளர்கள் ஒரே வீச்சில் நாடற்றவரானார்கள். ஏன்? 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு ஓட்டளித்தார்கள். உழைப்பவன் ஓட்டைத் தன் வர்க்கத்துக்குப் போட்டான், ஆள்வோருக்குப் பொறுக்கவில்லை. இன வெறுப்பும் வர்க்க அச்சமும் கைகோத்து அந்தச் சட்டத்தைப் பெற்றெடுத்தன.

பிஜியில் எல்லாம் நலமா என்று கேட்கலாம். இல்லை. 1970-ல் விடுதலை பெற்ற அந்த நாட்டில் 1987-லும் 2000-த்திலும் ஆட்சிகளைக் கவிழ்த்தார்கள். இந்திய வழியினர் பல்லாயிரவர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். ஆனால் அங்கேகூட, நீ எந்த நாட்டவனும் அல்லன் என்று ஒரு சட்டம் போட்டு எழுதவில்லை. அந்தக் கொடுமை மலைநாட்டுத் தொழிலாளிக்கு நேர்ந்தது.

இதிலே நம் நாட்டுப் பங்கு என்ன? 1964 அக்டோபர் 30-ல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974-ல் ஆளுக்குப் பாதி, 75,000. மூட்டையைப் பங்கிடுவார்கள், கண்டிருக்கிறோம். களத்து நெல்லைப் பங்கிடுவார்கள், கண்டிருக்கிறோம். மனிதரைப் பங்கிட்டதை அன்றுதான் கண்டோம். எங்கே போக விருப்பம் என்று அந்தத் தொழிலாளியைக் கேட்டுவிட்டா எண்ணிக்கையை எழுதினார்கள்?

வந்தவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அவர்களுக்காகவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் தொடங்கப்பட்டது. 1969-ல் ரெப்கோ வங்கி பிறந்தது. செய்ததைச் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இலட்சக்கணக்கில் வந்தவர்களுக்கு அது எம்மட்டு? கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் அதே கொழுந்து, அதே கூடை. அங்கே அவர்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள். பாட்டன் பிறந்த மண்ணிலும் அந்நியன், பேரன் பிறந்த மண்ணிலும் அந்நியன்!

1983 கலவரத்துக்குப் பின்பு வந்தவர்கள் நிலை இன்னும் கேடு. அவர்களிலே வடக்கு, கிழக்குத் தமிழர் உண்டு. மலைநாட்டிலிருந்து வந்தவர்களும் கணிசமாக உண்டு. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வரவேண்டியவர்களாக இருந்து, கப்பல் நின்று போனதால் படகிலே வந்து சேர்ந்தோரும் அவர்களுள் அடக்கம். இலங்கை அரசுகூட 2003-ல் ஒரு சட்டம் செய்து, அங்கு எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது. செய்த அநீதியைத் திருத்த அதற்கு 55 ஆண்டுகள் ஆயின. நமக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருப்பதாக 2021-ல் அரசே கணக்குச் சொன்னது. அந்த ஆண்டு 'அகதி முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் வந்தது. வரவேற்கிறோம். ஆயினும் தோட்டத்திலே பெரட்டு, முகாமிலே தணிக்கை. தணிக்கை நாளில் ஆள் இருந்தாக வேண்டும். ஓட்டு இல்லை. பாஸ்போர்ட் இல்லை. பட்டம் பெற்றாலும் அரசு வேலை இல்லை. 1987 ஜூலை 1-க்குப் பின் இந்நாட்டில் பிறந்த குழந்தை குடிமகனாக வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியாக இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம். பெற்றோர் இருவரும் முகாமிலே இருந்தால்? 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான் உண்டு, வங்கதேசம் உண்டு, ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாதிருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று மத்திய அரசு ஆணையிட்டது. நல்லது. ஆனால், தண்டனை இல்லை என்பது வேறு. உரிமை உண்டு என்பது வேறு!

பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு நாடு. மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர். மக்கள் பதினோராயிரம் பேர் அளவில்தான். கடல் மட்டம் உயர்ந்து வருவதால் அந்த நிலமே மூழ்கிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அவர்கள் என்ன செய்தார்கள்? மண் போனாலும் நாடு நிலைக்கும் என்று 2023-ல் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேற அந்நாட்டோடு உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள். அங்கே நிலம் மூழ்கப் போகிறது, மக்களின் உரிமையை மூழ்கவிடவில்லை. இலங்கை மலை மூழ்கவில்லை, நீலகிரி மூழ்கவில்லை. நடுவிலே நின்ற மனிதனின் உரிமை மட்டும் மூழ்கிவிட்டது!

இவர்களுக்கு இங்கே குடியுரிமை கொடுத்தால் இலங்கையில் தமிழர் எண்ணிக்கை குறையும், அங்குள்ளோர் உரிமைப் போர் மெலியும் என்று சில நல்லவர்களே சொல்கிறார்கள். அவர்கள் கவலையை மதிக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். போக விரும்புகிறவனுக்கு வழி திறந்திருக்கட்டும். இருக்க விரும்புகிறவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவானேன்? 1964-ல் அவனைக் கேட்காமல் பங்கிட்டது குற்றம் என்றால், இன்று அவனைக் கேட்காமல் திருப்பி அனுப்ப நினைப்பதும், கேட்காமல் நிறுத்தி வைப்பதும் அதே குற்றம்தான்.

இன்னொரு முணுமுணுப்பு நம் தோழர்களிடமே உண்டு. முகாம்காரன் வந்து குறைந்த கூலிக்குப் பெயிண்ட் அடிக்கிறான், சித்தாள் வேலைக்கு நிற்கிறான், நம் கூலி விழுகிறது என்று பேசுவது நம் காதிலும் விழுகிறது. தோழரே, கூலியைக் குறைத்தது அவனா? உரிமையில்லாதவன் பேரம் பேச மாட்டான் என்று தெரிந்து அவனை அழைத்தவன் யார்? அன்று கங்காணி கையில் இருந்த 'துண்டு' செய்த வேலையை இன்று காகிதமின்மை செய்கிறது. அவனுக்கு உரிமை வந்தால் அவன் கூலி உயரும். அவன் கூலி உயர்ந்தால் உங்கள் கூலி விழாது. இது கருணைக் கணக்கு அன்று, தொழிலாளி வர்க்கத்தின் கணக்கு.

ஆகவே நாம் கூறுவது இதுதான். மத்திய அரசு குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, முகாமில் பிறந்த தலைமுறைக்கும், மலைநாட்டு வழிவந்த குடும்பங்களுக்கும், அவர்கள் விரும்பினால், குடியுரிமை வழங்க வேண்டும். அரசு தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தொழிலாளி குடியிருக்கும் வீட்டை விட்டு இறங்க வேண்டிய நிலை வராதபடி மாநில அரசு சொந்த மனை தர வேண்டும். நம் சங்கங்கள் வேறு யாருக்காகவும் காத்திராமல், முகாம் தொழிலாளியை உறுப்பினராகச் சேர்த்து, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று நாளையே கேட்கத் தொடங்க வேண்டும்.

கச்சேரிமேட்டுக் கடையில் இன்று மாலை தேநீர் குடிக்கும்போது, கையிலுள்ள கிளாசைத் தோழர்கள் ஒரு கணம் பார்க்கட்டும். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கை யாருடையது? அந்தக் கைக்கு ஒரு நாடு வேண்டாமா?