சொல்லிவிட்டு மூடட்டும்!

வியாபாரிக்குக் கடை ஒன்றே ஆனாலும் கல்லா இரண்டு. ஒன்று, கடையில் கண்ணெதிரே இருக்கும் கல்லாப்பெட்டி. மற்றது, வங்கியில் இருக்கும் நடப்புக் கணக்கு. கடைக் கல்லாவின் சாவி நம் இடுப்பில் இருக்கிறது. வங்கிக் கல்லாவின் சாவியோ வங்கியிடம் இருக்கிறது. ஒரு நாள் காலையில் வங்கி அதைப் பூட்டிவிட்டு, "உங்கள் கணக்கு மூடப்பட்டுவிட்டது" என்று சொன்னால் நாம் என்ன செய்வது? இப்படியும் நடக்குமா என்று கேட்கும் வணிகப் பெருமக்களுக்கு, நடந்திருக்கிறது என்பதே நமது பதில்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒரு வங்கியில் கேஷ் கிரெடிட் அல்லது ஓவர்டிராப்ட் வசதி பெற்றவர், வேறு வங்கியில் நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். கெடு ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் நாடெங்கும் ஏராளமான நடப்புக் கணக்குகளை வங்கிகள் மூடின அல்லது நிறுத்திவைத்தன. சிறு வியாபாரிகள் பலருக்கு விஷயம் தெரிந்ததே காசோலை திரும்பி வந்த பிறகுதான். கூக்குரல் எழுந்ததும், ஆகஸ்ட் 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கி அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தது. வாடிக்கையாளருக்கு இடைஞ்சல் இல்லாமல் இதை நிறைவேற்றவேண்டும் என்றும் வங்கிகளுக்குச் சொன்னது. அக்டோபர் 29-ஆம் தேதி, மொத்த வங்கிக் கடன் 5 கோடி ரூபாய்க்குக் குறைவாக உள்ளவர்களுக்கு இந்தத் தடை வேண்டாம் என்று விதியையே தளர்த்தியது. அதாவது, மளிகைக் கடைக்காரரும் சிறு மொத்த வியாபாரியும் இந்த விதிக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை என்பது, அவர்கள் அடிபட்ட பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது.

விதியின் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஒரு வங்கியில் கோடிக்கணக்கில் கடன் வாங்கிக்கொண்டு, விற்றுவரும் பணத்தை இன்னொரு வங்கியில் போட்டு, கடன் கொடுத்த வங்கியின் கண்ணில் மண்ணைத் தூவும் பெரும்புள்ளிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் யானைக்கு வெட்டிய குழியில் ஆட்டுக்குட்டி விழுந்த கதையாக இது முடிந்தது.

நம் பகுதி வியாபாரத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சாமல்பட்டி, மத்தூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர் ஓர் அரசு வங்கியில் ஓவர்டிராப்ட் வைத்திருப்பார். பெங்களூரிலிருந்து சரக்கு எடுப்பதால், அங்கே பணம் அனுப்பவும் வாங்கவும் தோதாக வேறொரு வங்கியில் நடப்புக் கணக்கு வைத்திருப்பார். மறைக்க வேண்டிய பணம் எதுவும் அவரிடம் இல்லை. ஒரு வங்கியில் கூட்டம் அதிகம், இன்னொன்றில் வேலை சீக்கிரம் முடிகிறது என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. அப்படிப்பட்டவரின் கணக்கைத்தான் இந்த விதி தொட்டது.

"கணக்கு போனால் ரொக்கத்தில் ஓட்டிக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் காலம் போய்விட்டது. ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், விவசாயியிடம் நேரடியாக விளைபொருள் வாங்குவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அதை வியாபாரச் செலவாக வருமான வரித்துறை ஏற்பதில்லை. வங்கி வழியாகவே கொடு என்று அரசு சொல்கிறது. அந்த வழியை வங்கி மூடினால் வியாபாரி எந்தப் பக்கம் போவார்?

இதைவிடப் பெரிய ஆபத்து காசோலையில் இருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு நம்மில் பலருக்கும் தெரிந்ததே. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்கு வரும். இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. "கணக்கு மூடப்பட்டது" என்ற காரணத்துடன் திரும்பும் காசோலைக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 1999-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காசோலையைக் கொடுத்துவிட்டுத் தானே கணக்கை மூடித் தப்பிக்கப் பார்ப்பவர்களை மனத்தில் கொண்டு சொல்லப்பட்ட தீர்ப்பு அது. ஆனால் கணக்கை மூடியது நாமா, வங்கியா என்பது காசோலையை வாங்கிய மண்டிக்காரருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது ரிட்டர்ன் மெமோவை மட்டுமே. மூடியது வங்கிதான் என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. இருபது வருடம் நாணயமாக நடந்து சேர்த்த பெயர் ஒரு துண்டுக் காகிதத்தில் போய்விடுகிறது.

எனவே நாம் சொல்வது இதுதான். கணக்கை மூடும் உரிமை வங்கிக்கு இருக்கட்டும்; சொல்லாமல் மூடும் உரிமை இருக்கக் கூடாது. இது புதிய கோரிக்கையும் அன்று. இங்கிலாந்தில் 1923-லேயே லாயிட்ஸ் வங்கியைப் பற்றிய ஒரு வழக்கில், வாடிக்கையாளரின் வியாபாரச் சூழ்நிலையைப் பார்க்கும்போது ஒரு மாத அறிவிப்பும் போதாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே நாடு 2025-ல் செய்த விதிப்படி, 2026 ஏப்ரல் 28 முதல் செய்துகொள்ளப்படும் ஒப்பந்தங்களில் வங்கி 90 நாள் முன்னதாக, காரணத்தை விளக்கி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நம் ரிசர்வ் வங்கியும் கே.ஒய்.சி. விஷயத்தில் இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆவணங்களைப் புதுப்பிக்கும் கெடுவுக்கு முன் குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்கவேண்டும் என்று 2025 ஜூனில் உத்தரவிட்டது. ஆவணம் புதுப்பிக்கவே மூன்று முறை சொல்ல வேண்டும் என்றால், கணக்கையே மூடுவதற்கு எத்தனை முறை சொல்ல வேண்டும்?

இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூடுவது வேறு, முடக்குவது வேறு. மோசடிப் பணம் யாரிடமிருந்தோ கைமாறி, க்யூ.ஆர். அட்டை வழியாக நம் கணக்கில் விழுந்துவிட்டால், ஏதோ ஒரு மாநிலத்துக் காவல்துறையின் கடிதத்தின்பேரில் வங்கி கணக்கை முடக்குகிறது. பிஸ்கட் பாக்கெட் வாங்கியவர் கொடுத்த 200 ரூபாய்க்காக முழுக் கணக்கையும் முடக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் போயிற்று. காவல்துறை குறிப்பிடும் தொகையை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும் என்று 2023-ல் கேரள உயர்நீதிமன்றமும், தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியன்று என்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. ஆகவே முடக்கப்பட்டவர் வங்கியிடம் முதலில் கேட்க வேண்டியவை: எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, தொகை எவ்வளவு?

கணக்கு மூடப்பட்டதாகத் தெரிந்தால் மேனேஜரின் அறையில் சத்தம் போட்டுப் பயனில்லை. அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த விதிப்படி மூடினீர்கள், எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள், மீதித் தொகை எப்போது வரும் என்று கேளுங்கள். நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு மூடியது நாமல்ல என்று காட்ட அந்தத் தாள் ஒன்றே சாட்சி.

அடுத்து, நம் காசோலையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு, அது திரும்புவதற்கு முன்பே நாமே தகவல் சொல்லிவிட வேண்டும். வேறு கணக்கிலிருந்து பணத்தை அனுப்பிப் பழைய காசோலையைத் திரும்ப வாங்குவதே மரியாதை. பிறகு கடன் தவணை, மின் கட்டணம் என்று அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தொகைகளைப் பட்டியல் போடுங்கள். கடை வாசலில் ஒட்டியுள்ள க்யூ.ஆர். அட்டையை மாற்றுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள கணக்கு எண்ணையும் மாற்ற மறக்காதீர்கள்.

வங்கியின் பதில் திருப்தியாக இல்லை என்றாலும், 30 நாளாகியும் பதிலே வரவில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கடை இடம் மாறினாலோ செல்போன் எண் மாறினாலோ வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய முகவரிக்குப் போன கடிதத்துக்கு வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது. கடைப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் ஓட்டுவதும், உறவினருக்கு வரும் பணத்தை நம் கணக்கில் வாங்கிக் கொடுப்பதும் வீண் வம்பு. இரண்டு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் ஓவர்டிராப்ட் விவரத்தை இரு வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து, இன்றைய வரம்பு என்ன என்று வருடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

இத்துடன் நம் சங்கங்கள் வங்கிகளிடம் ஒரே குரலில் மூன்று கோரிக்கைகளை வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மூடுவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பாக, காரணத்தைக் குறிப்பிட்டு, கடை முகவரிக்குத் தமிழில் பதிவுத் தபால் வரவேண்டும். அறிவிப்புக்கு முன் கொடுத்த காசோலைகளை, கணக்கில் பணம் உள்ளவரை வங்கி ஏற்க வேண்டும். மூடிய அன்றே மீதித் தொகை வியாபாரி சொல்லும் கணக்குக்குப் போய்ச் சேரவேண்டும்.

பாக்கி வைத்த வாடிக்கையாளருக்குக்கூட, "இனிமேல் கடன் கிடையாது, பழைய பாக்கியை முடித்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நாம் சிட்டையை மூடுகிறோம். பாக்கியே இல்லாத நம்மிடம் வங்கி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாதா?