செக்காலைப் பிரகடனம்

பழைய ஒழுங்கு முடிந்துவிட்டது. சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இது என்ன எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்?" என்று கேட்பவரின் மனநிலையே சட்டமாக இருந்த காலம் முடிந்துவிட்டது. சைலன்சரின் வயிற்றைக் குடைந்து தெருவை எழுப்புவதே வீரமாக இருந்த காலமும் முடிந்துவிட்டது. முன்னதற்கு எழுத்து இல்லை. பின்னதற்கு எல்லை இல்லை. இரண்டையும் கடந்து நாங்கள் பேசுகிறோம்.

காரைக்குடியின் செக்காலையில் கூடியிருக்கிறோம். டிஎன் 63 என்ற எண்ணோடு ஓடும் வண்டிகளின் உரிமையாளர்கள், அவற்றைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள், பின்னிருக்கையில் அமரும் பெண்கள் என மூவருக்கும் இது ஒரே குரல். 1939-இல் கம்பனுக்குக் கழகம் கண்ட இந்த ஊரில், ஒரு கொள்கைக்காகக் கூடுவது புதுமையல்ல.

மாற்றியமைத்தல் எங்கள் மரபு. செட்டிநாட்டு வீட்டில் பர்மாத் தேக்கு தூணாயிற்று; இத்தாலியச் சலவைக்கல் தரையாயிற்று; பெல்ஜியக் கண்ணாடி சுவரேறிற்று. எங்கிருந்தோ வந்தவற்றை இங்குள்ள கணக்கில் பொருத்திய கைகளின் வாரிசுகள் நாங்கள். அந்தக் கைகள் அழகுக்காக அஸ்திவாரத்தைத் தோண்டியதில்லை. அலங்காரம் உரிமை, அஸ்திவாரம் பொறுப்பு. எங்கள் கொள்கை முழுவதும் இந்த இரு சொற்றொடரில் அடங்கும்.

சட்டத்தை நாங்கள் ஏற்கிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கட்டமைப்பை மாற்றி வண்டியின் அடிப்படைத் தன்மையையே மாற்றுவதைத்தான் 'மாற்றம்' என்று வரையறுக்கிறது. உற்பத்தியாளர் வகுத்த மூல வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரி 9 அன்று, கேரள வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. தண்டனையை ஏற்கிறோம். தண்டனைக்குரியது எது என்ற தெளிவைக் கோருகிறோம்.

இரைச்சலை நாங்கள் மறுக்கிறோம். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக், தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. சைலன்சருக்குள் ஒலியைக் குறைக்கும் டிபி கில்லரை உருவி எறிபவர் அந்த வரம்பை மட்டும் மீறவில்லை. நள்ளிரவில் தொட்டிலில் உறங்கும் குழந்தையின் உரிமையையும் மீறுகிறார். எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்கை மறுக்கிறோம். படிக்க முடியாதபடி வளைத்த நம்பர் பிளேட்டை மறுக்கிறோம். 'லுக்' கெடுகிறது என்று கழற்றி வைத்த பக்கக் கண்ணாடியை மறுக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றப்பட்ட சாரி கார்டை மறுக்கிறோம். ஷோரூமிலிருந்து வந்த வாரத்திலேயே ஸ்பேனர் தேடிச் செல்வது அந்தக் கம்பிச் சட்டத்தைத்தான். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்வது ஒரு முந்தானைக்காக, ஒரு துப்பட்டாவுக்காக, அதை அணிந்திருக்கும் ஓர் உயிருக்காக. ஓட்டுபவரின் ரசனைக்குப் பின்னிருப்பவரின் கழுத்து விலையாகாது.

சாட்சியை நாங்கள் ஏற்கிறோம். 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, காவலரின் உடலில் அணியும் கேமராவையும் சாலையோர வேகக் கேமராவையும் அமலாக்கக் கருவிகளாக்கியது. அரசு பார்க்கிறது, குடிமகனும் பார்ப்பான். இடித்துவிட்டுப் பறந்த லாரியின் எண்ணைச் சொல்ல, மயங்கிக் கிடப்பவருக்கு வாய் இல்லை. அவர் ஹெல்மெட்டில் இருக்கும் கேமராவுக்கு நினைவு உண்டு. அந்த நினைவுக்கு நீதிமன்றத்தில் இடமும் உண்டு: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, உரிய சான்றிதழுடன் வரும் மின்னணுப் பதிவை ஏற்கிறது.

ஆயினும் ஹெல்மெட் முதலில் தலைக்கு, பிறகுதான் கேமராவுக்கு. அதன் ஓட்டில் துளையிட்டுத் திருகாணி முடுக்குவதை மறுக்கிறோம். ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளிருக்கும் தெர்மாகோல் அடியை விழுங்குகிறது. துளையிட்ட ஓடு இரண்டையும் கெடுக்கிறது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற இருசக்கர வாகன ஹெல்மெட்டைச் செய்வதும் விற்பதும் குற்றம். முத்திரை பெற்றதைத் துரப்பணத்தால் குலைப்பது அதே குற்றத்தின் வீட்டு வடிவம்.

பார்வைகளின் எண்ணிக்கைக்காக உயிரைப் பணயம் வைக்கும் பண்பாட்டை மறுக்கிறோம். 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே பாலுச்செட்டிசத்திரத்தில் விபத்துக்குள்ளான யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது. அத்தகைய சாகசக் காட்சிக்குக் கைதட்டிய தலைமுறையும் நாங்களே. கைதட்டலை நிறுத்திய தலைமுறையும் நாங்களே. கேமரா சாட்சி, மேடை அல்ல. அது சாலையைப் பார்க்கும். அடுத்தவரின் அந்தரங்கத்தைப் பார்க்காது.

எனவே கோருகிறோம். கேரளத்தின் மோட்டார் வாகனத் துறை 2022-இல் ஹெல்மெட் கேமராவுக்கு எதிராக அபராதமும் உரிம இடைநீக்கமும் அறிவித்தது. நம் மோட்டார் வாகனச் சட்டமோ ஹெல்மெட் கேமராவைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. இந்த மௌனம் எழுத்தாக மாற வேண்டும். எந்தப் பொருத்தம் தடை, எது பதிவுச் சான்றிதழில் குறித்தால் போதும், எதற்கு எதுவுமே தேவையில்லை என்ற பட்டியல், ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகச் சுவரிலும் ஒவ்வொரு மெக்கானிக் கடைச் சுவரிலும் தமிழில் தொங்க வேண்டும். சோதிப்பவர் கையிலும் சோதிக்கப்படுபவர் கையிலும் ஒரே தாள் இருக்கும் நாளில், பேரமும் இருக்காது, பயமும் இருக்காது.

அந்த நாள் வரும். அதுவரை காத்திருக்க மாட்டோம். இந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட வருபவர், மூலையில் போட்டு வைத்திருக்கும் சாரி கார்டைத் துடைத்து, வண்டியில் திரும்பப் பூட்டிவிட்டு வர வேண்டும். பூட்டத் தெரியாதவர் செக்காலைக்குக் கொண்டுவரட்டும். எங்கள் மெக்கானிக்குகள் கூலி வாங்க மாட்டார்கள்.