ஒரே நாளிற் பிறந்த இருவர்

யூன் மாதம் 24ஆம் நாள் திரையிசைப் பிரியர் குறித்து வைக்கத் தக்கதொரு நாளாகும். 1927இல் அந்நாளிற் காரைக்குடிக்கு அண்மையிலுள்ள சிறுகூடற்பட்டியிற் பிறந்த முத்தையா என்னும் குழந்தையே பின்னாளிற் கவிஞர் கண்ணதாசன் எனப் பெயர்பெற்றது. சரியாக ஓராண்டு கழிந்து, 1928இல் அதே நாளிற் பாலக்காட்டைச் சேர்ந்த எலப்புள்ளியில் எம். எஸ். விசுவநாதன் பிறந்தார். முன்னது வெள்ளிக்கிழமை, பின்னது ஞாயிற்றுக்கிழமை. பஞ்சாங்கப்படி பார்ப்பின் இருவர்க்கும் நட்சத்திரமும் வேறு. ஆகவே இவர்களை ஒன்றாய்ப் பிணைத்த புண்ணியம் ஆங்கில நாட்காட்டிக்கே உரியது! மேனாட்டிலும் 1944இல் இதே நாளிற் கிற்றார்க் கலைஞர் ஜெஃப் பெக் பிறந்தார். அவர் கதையை அவ்விசை அறிந்தோர் எழுதுவாராக.

கவிஞர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 'கன்னியின் காதலி' (1949) படத்துக்கு முதன்முதற் பாட்டெழுதினார். விசுவநாதனோ சிறு வயதிலே தந்தையை இழந்து, கண்ணூரிற் பாட்டனார் ஆதரவில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றவர். 1952இல் சி. ஆர். சுப்பராமன் காலமானபோது, அவர் குறையாக விட்டுச் சென்ற படங்களை வயலின் வித்துவான் டி. கே. இராமமூர்த்தியும் இவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தனர். அக்கூட்டு 1965 வரை நீடித்தது. கவிஞரும் இவ்விருவரும் கூடிய 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் 1961 என்னும் ஒரே ஆண்டின் விளைச்சல்.

அப்பாட்டுக்கள் பலவற்றில் மெட்டு முந்தியது, சொல் பிந்தியது. விசுவநாதன் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து தத்தகாரத்திற் பாடிக்காட்ட, அந்த அளவிற்குக் கவிஞர் சொல் கொடுப்பார். ஆயினும் நாம் "கண்ணதாசன் பாட்டு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். யானும் அவ்வாறு சொல்லி வந்தவனே.

என்னைத் திருத்தியது ஒரு சைக்கிள். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பற்றரிக்கும் தடை. பண்டத்தரிப்பிலும் அயலூர்களிலும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தாற் பாட்டுக் கேட்டோம். சுழற்றுவது சிறுவர் பணி. கை சோர்ந்தாற் கசற்றின் ஓட்டமும் சோரும்; சொல் குழைந்து இழுபடும்; பாடுபவர் சௌந்தரராசனா சுசீலாவா என்பதே ஐயமாகிவிடும். "விடாமல் சுத்தடா தம்பி" என்று பெரியம்மா முற்றத்திலிருந்து அதட்டுவார். அதட்டிவிட்டு, ஒரு சொல்லும் விளங்காத அந்த இடத்தை மெட்டுப் பிசகாமல் தாமே முணுமுணுத்து நிரப்புவார். சொல்லைச் சுமந்து நின்றது எது என்று அன்று கண்டேன்.

விருதுகளோ வேறு கணக்கு வைத்திருந்தன. 1968ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தேசியத் திரைப்பட விருது 'குழந்தைக்காக' படப் பாட்டுக்காகக் கவிஞருக்குக் கிடைத்தது. அப்படத்திற்கு இசையமைத்தவர் விசுவநாதன். 1980இல் சாகித்திய அக்காதெமியும் கவிஞரைப் பாராட்டியது, ஆனால் 'சேரமான் காதலி' என்னும் நாவலுக்காக. 1981 ஒக்டோபர் 17இற் சிக்காகோ நகரிற் கவிஞர் மறைந்தார். விசுவநாதன் 2015 யூலை 14 வரை வாழ்ந்திருந்தும் பத்ம விருதெதுவும் அவரை வந்தடையவில்லை.

அடுத்த யூன் 24இல் வானொலியிற் "கவிஞர் பிறந்த தினம்" என்று மட்டும் சொல்லிப் பாட்டுப் போடுவாராயின், மற்றவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி ஒரு தபாலட்டை எழுத எண்ணியிருக்கின்றேன். வாசகரும் ஒன்று எழுதலாம்.