கட்டின்னா உடனே கத்தியா?

போன மாசம் ஜேடர்பாளையம் போயிருந்தேன். வெல்லம் காய்ச்சுற ஆலைக்கொட்டாய்க்குப் பக்கத்துலதான் சின்னம்மா வீடு. வயசு 42.

"ஸ்கேன்ல கட்டின்னு வந்துருச்சு அம்மிணி. உட்டா கேன்சராயிருமாம். பையன் காலேஜ் போறான், இனி கர்ப்பப்பை எதுக்கு, எடுத்துரலாம்னு டாக்டர் சொல்றாங்க."

ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்தேன். 3 செ.மீ. பைப்ராய்டு. உதிரப்போக்கு அதிகமான்னு கேட்டா, "எப்பவும் போலத்தான்"னாங்க. இடுப்பு வலின்னு போனவங்களுக்கு இந்த வைத்தியம்! (ஆஸ்பத்திரி பேரு வேணாம். இது ஒரு ஆஸ்பத்திரியோட கதை இல்லை.)

பைப்ராய்டுங்கறது கர்ப்பப்பைத் தசையில வளர்ற சாதாரணக் கட்டி. அது புற்றா இருக்கறது ரொம்ப அபூர்வம். நிறையப் பேருக்கு எந்தத் தொந்தரவும் தராது. மாதவிலக்கு நின்னப்புறம் பெரும்பாலும் சுருங்கிரும். தொந்தரவு இல்லாத கட்டியைக் கவனிச்சுட்டு வந்தாலே போதும். உதிரப்போக்கு அதிகம்னா முதல்ல ரத்தசோகை இருக்கான்னு பாக்கணும். ரத்தப்போக்கைக் குறைக்க டிரனெக்சாமிக் ஆசிட் மாத்திரை இருக்கு, ஹார்மோன் காயில் இருக்கு. கட்டியை மட்டும் எடுக்கலாம், கட்டிக்குப் போற ரத்தக்குழாயை அடைக்கலாம். கட்டி எந்த இடத்துல, எவ்வளவு பெருசு, குழந்தை வேணுமா என்பதைப் பொறுத்துத்தான் எதுன்னு முடிவு பண்ணணும். கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டியவங்களும் இருக்காங்க, மறுக்கலை. ஆனா அது முதல் வரியா ஏன் வருது?

"இனி எதுக்கு"ங்கற கேள்விதான் எனக்கு எரியுது. பிள்ளை பெத்து முடிச்சா அந்த உறுப்பு வேஸ்ட்டா? கூடவே சினைப்பையையும் எடுத்துட்டா எலும்பு தேயும், இதயத்துக்கும் ஆபத்து. அதை யாரு சொல்றாங்க?

நம்மூர்ல கரும்பு வெல்லமாகுது. அதே கரும்பை வெட்டற மகாராஷ்டிரா பீட் மாவட்டத்துப் பொம்பளைங்க கதையைக் கேளுங்க. 2019-ல அரசாங்கம் எடுத்த கணக்குல, 82,309 பேர்ல 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. அதாவது ஆறுல ஒருத்தர். அதே காலத்துல நாடு முழுக்க 15-49 வயசுல நூத்துக்கு மூணு பேருக்குத்தான் எடுத்திருந்தாங்க. வேலைக்கு ஒரு நாள் வரலைன்னா அபராதம், இதுல மாதவிலக்கு வேற. கேன்சர் பயம் காட்டினதும் கடன் வாங்கி ஆபரேசன் பண்ணிக்கிட்டாங்க.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான்ல இப்படித் தேவையில்லாம எடுத்ததை எதிர்த்து டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல உச்ச நீதிமன்றம் போனார். மத்திய அரசு 2022-ல வழிகாட்டுதல் போட்டுச்சு. எல்லா மாநிலமும் மூணு மாசத்துல அதை நடைமுறைப்படுத்தணும்னு 2023 ஏப்ரல் 5-ல தீர்ப்பு வந்துச்சு. தீர்ப்பு வந்து என்ன, சின்னம்மா காதுக்கு எட்டலையே!

உங்க வீட்டுல யாருக்காவது இப்படிச் சொன்னா மூணே கேள்வி கேளுங்க. கட்டி எந்த இடத்துல? எடுக்காம விட்டா என்ன ஆகும்? வேற வழி என்ன? பதில் சொல்லாம தேதி குறிச்சா, எந்திரிச்சு வந்துருங்க. இன்னொரு டாக்டரைப் பாருங்க.

சின்னம்மாவும் நாமக்கல்ல இன்னொருத்தரைப் பாத்தாங்க. "ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாராம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உதிரப்போக்கு கட்டுக்கடங்காம போனாலோ, மாதவிலக்கு நின்னப்புறம் ரத்தம் பட்டாலோ பதிவு படிச்சுட்டு உக்காராதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.